அகராதி முறையும் கணினி வரிசையும்

அகரம், ஆதி என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்து ‘அகராதி’ ஆயிற்று. அகரத்தை ஆதியாக வைத்து அடுக்கிய நூல் என்பது பொருள். சொல்லுக்குப் பொருள் கூறும் நூலுக்கு, அது எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறதோ அந்த வரிசையையே பெயராக வைத்தவர்கள் நம் பெரியோர்கள். வரிசைக்கு அவ்வளவு மதிப்பு.

ஆனால் இன்று நம் வீட்டுப் பிள்ளைங்க கணினியில் ஒரு தமிழ்ப் பெயர்ப் பட்டியலை அடுக்கச் சொன்னால் என்ன ஆகிறது? ‘பவானி’க்கு முன்னால் ‘பழனி’ வந்து நிற்கிறது. ‘ஞான’த்துக்கு முன்னால் ‘ஜினதாஸ்’ வருகிறது. பார்த்தவர்கள் சிலர் “கணினிக்குத் தமிழ் தெரியாது” என்கிறார்கள். சிலர் “தமிழ் கணினிக்கு லாயக்கில்லை” என்று ஒரு படி மேலே போய்விடுகிறார்கள். இரண்டும் சரியல்ல. கணினிக்கு எந்த மொழி மரபுப்படி அடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை; அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லும் இடத்துக்கு ‘லொகேல்’ என்று பெயர். யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணினிகளில் இந்த லொகேல் எப்படி வேலை செய்கிறது, தமிழுக்கு அதனால் என்ன நன்மை, கவனிக்காவிட்டால் என்ன நஷ்டம் என்பதை இக்கட்டுரையில் எழுதுகிறேன். அடியேன் கல்லூரியில் கணினி படித்தவன் அல்ல. கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் முன்னோர் வகுத்த வரிசை

தொல்காப்பியர் தம் நூலின் தொடக்கத்திலேயே எழுத்துகள் முப்பது என்றும், அவை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என்றும் சொல்லிவிடுகிறார். ஆகவே மெய்யெழுத்தில் கடைசி எழுத்து றன்னகரமாகிய ‘ன்’. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த சமண முனிவர் பவணந்தி, எழுத்து முறை என்பதற்குத் தனிச் சூத்திரமே வைத்தார். எழுத்தின் சிறப்பு, ஒன்றுக்கொன்று உள்ள இனம் இவற்றைக் கொண்டு அகரம் முதலாக எழுத்துகள் முறைப்பட்டன என்பது அதன் கருத்து. வல்லினமும் அதற்கு இனமான மெல்லினமும் க்-ங், ச்-ஞ், ட்-ண், த்-ந், ப்-ம் என்று இரட்டை மாடு போலப் போகும். பிறகு ய், ர், ல், வ், ழ், ள். கடைசியில் ற்-ன் என்னும் இணை. நம் வரிசை கண்டபடி வந்த வரிசை அல்ல, காரணத்தோடு வந்தது.

எனினும் பழைய நிகண்டுகள் அகர வரிசையில் இல்லை. அவை மனப்பாடம் செய்ய எழுதப்பட்ட செய்யுள் நூல்கள். தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகப் போகும். மண்டலபுருடர் என்ற சமணப் புலவர் இயற்றிய சூடாமணி நிகண்டில் 11-ஆம் தொகுதி மட்டும் எதுகையை, அதாவது இரண்டாம் எழுத்தை, வைத்து அடுக்கப்பட்டது. அதுவும் ஒரு வரிசைதானே! 1594-இல் சிதம்பரம் ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்து சொற்களை முதலெழுத்தின் வரிசையில் கொண்டுவந்தார். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாக அகர வரிசையில் அமைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாகவும், 1939-இல் அனுபந்தமாகவும் வெளிவந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? ஒரே மொழிக்குள்ளும் தேவைக்குத் தக்கபடி வரிசை மாறும். மனப்பாடம் செய்கிறவனுக்கு எதுகை வரிசை, தேடுகிறவனுக்கு அகர வரிசை. ‘இந்தப் பட்டியல் எந்த முறையில்?’ என்ற கேள்வி கணினி வந்த பிறகு பிறந்தது அல்ல.

எழுத்துக்கு எண் கொடுத்த கதை

கணினி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்துக்கு 1963-இல் ஆஸ்கி என்னும் தரம் வந்தது. இன்றும் வழங்கும் அதன் அட்டவணையில் பெரிய ‘ஏ’வுக்கு 65, பெரிய ‘இசட்’டுக்கு 90, சின்ன ‘ஏ’வுக்கு 97, சின்ன ‘இசட்’டுக்கு 122. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால், பெரிய இசட்டில் தொடங்கும் பெயர் சின்ன ஏ-யில் தொடங்கும் பெயருக்கு முன்னால் வந்துவிடும். ஆக, இந்தக் கோளாறு தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலத்துக்கே உண்டு.

இந்திய மொழிகளுக்கு எண் கொடுத்த கதையில் நாம் குடியிருக்கும் புனே நகரத்துக்கும் பங்கு உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ‘ஜிஸ்ட்’ என்னும் இந்திய எழுத்துத் தொழில்நுட்ப வேலை, 1988-இல் புனேயில் சி-டாக் நிறுவனம் ஏற்பட்ட பிறகு இங்கே வளர்ந்தது. இஸ்கி என்ற இந்தியக் குறியேற்றத் தரம் 1988-இல் ஒரு வடிவமும், 1991-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13194 என்ற வடிவமும் பெற்றது. அதன் தத்துவம் எளிமையானது: எல்லா இந்திய மொழிக்கும் ஒரே அச்சு. தேவநாகரியில் ‘க’ எந்த இடமோ தமிழிலும் ‘க’ அதே இடம். மொழி மாற்றி எழுத இது ரொம்ப வசதி.

1991-இல் வந்த யூனிகோடு, 1988 இஸ்கியின் இந்த அச்சையே இந்திய எழுத்துகளுக்கு எடுத்துக்கொண்டது. தமிழுக்குத் தேவையில்லாத இடங்கள் காலியாக விடப்பட்டன. க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று காலி இடம் இன்றும் இருக்கிறது. தமிழுக்கே உரிய எழுத்துகள் ஒலி நெருக்கம் பார்த்து வைக்கப்பட்டன: ‘ந’வுக்கு அடுத்து ‘ன’, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’, ‘ல’வுக்கு அடுத்து ‘ள’, அதற்கடுத்து ‘ழ’, பிறகுதான் ‘வ’. ‘ஜ’ என்பது ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில். தொல்காப்பியர் கடைசியில் வைத்த னகரம் இங்கே பகரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிறகு வருகிறது. நம் அகராதி மரபில் ‘க்’ என்பது ‘க’வுக்கு முந்தியது.

நம் மராட்டிய அண்டை வீட்டாருக்கும் இதே சங்கடம். அவர்கள் பள்ளிப் புத்தகத்தில் ‘ஹ’வுக்குப் பிறகுதான் ‘ள’, அதன் பின் ‘க்ஷ’, கடைசியில் ‘த்ன்ய’ என்று அவர்கள் உச்சரிக்கும் கூட்டெழுத்து. யூனிகோடு எண்ணிலோ ‘ள’ என்பது ‘ல’வுக்கும் ‘வ’வுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே தமிழுக்கு மட்டும் யாரோ ஓரவஞ்சனை செய்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

யூனிகோடில் ஓர் எழுத்துக்குக் கொடுத்த எண்ணைப் பிறகு மாற்றுவதில்லை என்பது உறுதியான கொள்கை. மாற்றினால் எழுதி வைத்ததெல்லாம் குழம்பிப்போகும். அப்படியானால் வழி இரண்டு. ஒன்று, வரிசைப்படியே எண் கொடுத்த வேறொரு குறியேற்றம். ‘டேஸ்-16’ என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றம் அப்படிப்பட்டது; தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு அதையும் தரமாக அறிவித்தது. மற்றொன்று, எண் எப்படியும் இருக்கட்டும், அடுக்கும் விதியைத் தனியாக எழுதிவைப்பது. உலகம் முழுவதும் பின்பற்றுவது இந்த இரண்டாம் வழியைத்தான்.

லொகேல் என்பது என்ன

நான் சரக்கு அனுப்பும்போது ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வழக்கம் பார்த்திருக்கிறேன். தேதி எழுதும் விதம், லட்சம்-கோடியில் காற்புள்ளி இடும் விதம், பணக்குறி, எழுத்து வரிசை எல்லாம் மாறும். இந்த ஊர் வழக்கங்களையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி, ஒரு பெயர் கொடுத்துக் கணினியில் வைத்திருப்பதே லொகேல். இந்தியத் தமிழுக்கு ‘டிஏ அடிக்கோடு ஐஎன்’ என்று பெயர். முதல் பாதி மொழி, பின் பாதி நாடு. அதன் பின்னால் ‘யூடிஎஃப்-8’ என்று குறியேற்றத்தின் பெயரும் சேரும். இலங்கைத் தமிழுக்குப் பின் பாதி ‘எல்கே’.

ஜெர்மனியில் தலையில் இரண்டு புள்ளி வைத்த ‘ஏ’ எழுத்தைச் சாதாரண ‘ஏ’யோடு சேர்த்து அடுக்குவார்கள். ஸ்வீடனில் அதே எழுத்து ‘இசட்’டுக்கும் பின்னால் போய்விடும். எழுத்து ஒன்று, எண் ஒன்று, வரிசை இரண்டு. ஆகவே விதி எழுத்தில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது.

யூனிக்ஸ் வகைக் கணினியில் ‘சார்ட்’ என்ற கட்டளை அடுக்கும் வேலையைச் செய்கிறது. அது மூன்று மாறிகளைப் பார்க்கும். முதலில் ‘எல்சி ஆல்’. அதில் ஏதாவது எழுதியிருந்தால் அதுவே தீர்ப்பு. இல்லையென்றால் ‘எல்சி கொலேட்’. இது வரிசைக்கு மட்டும் உரியது. அதுவும் இல்லையென்றால் ‘லேங்’, இது பொதுவானது. கடை நிர்வாகத்தில் முதலாளி சொன்னால் முதலாளி சொல், இல்லாவிட்டால் அந்தத் துறைக் கணக்கர் சொல், அவரும் இல்லாவிட்டால் கடையின் பொது வழக்கம் என்பது போல.

மூன்றிலும் ஒன்றும் இல்லையென்றாலோ, சொன்ன லொகேல் அந்தக் கணினியில் நிறுவப்படாமல் இருந்தாலோ, ‘சி’ என்னும் அடிப்படை லொகேலுக்குப் போய்விடும். இதில் மொழி மரபு ஏதும் கிடையாது. எண்ணைப் பார்த்து அடுக்கும், அவ்வளவே. ‘சார்ட்’ இதைப் பெரும்பாலும் வாய் திறந்து சொல்வதும் இல்லை. குனு வகை ‘சார்ட்’டில் ‘டீபக்’ என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால், எந்த விதிப்படி அடுக்குகிறேன் என்று ஒரு வரி காட்டும். ‘லொகேல்’ என்ற கட்டளையோடு ‘-ஏ’ சேர்த்தால், அந்தக் கணினியில் எந்தெந்த லொகேல் இருக்கிறது என்று பட்டியல் தரும்.

பத்துப் பெயர்ச் சோதனை

உங்கள் கணினி எந்த வரிசையில் போகிறது என்று அறிய ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். கீழே உள்ள பத்துப் பெயரையும் ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாகத் தட்டி அடுக்கிப் பாருங்கள். அகராதி மரபுப்படி வர வேண்டியது:

அலமேலு, அறிவழகன், கமலா, கனகா, சக்தி, சகுந்தலா, ஞானம், பவானி, பழனி, ஜினதாஸ்.

‘சி’ லொகேலில் எண் வரிசைப்படி வருவது:

அறிவழகன், அலமேலு, கனகா, கமலா, சகுந்தலா, சக்தி, ஜினதாஸ், ஞானம், பழனி, பவானி.

ஒவ்வொரு இணையும் தலைகீழாகிவிட்டதைக் கவனியுங்கள். றகரம் லகரத்துக்கு முன்னும், னகரம் மகரத்துக்கு முன்னும், ழகரம் வகரத்துக்கு முன்னும் வந்துவிட்டன.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. யூனிகோடு அமைப்பும் ஐ.எஸ்.ஓ. 14651 என்ற உலகத் தரமும் எல்லா எழுத்துக்கும் பொதுவான ஓர் அடுக்கு அட்டவணை வைத்திருக்கின்றன. அதில் தமிழ் எழுத்துகள் நம் மரபு வரிசையிலேயே, வடவெழுத்து கடைசியாக, சரியாக இருக்கின்றன. ஆனால் புள்ளி மட்டும் உயிர்க்குறிகளுக்குப் பின்னால்தான். ஆகவே அந்தப் பொது அட்டவணைப்படி மற்ற எட்டுப் பெயரும் சரியாக வந்து, ‘சகுந்தலா, சக்தி’ மட்டும் இடம் மாறி நிற்கும். இதையும் சரிசெய்ய வேண்டுமானால் தமிழுக்கென்று கூடுதல் விதி வேண்டும். யூனிகோடு அமைப்பின் பொது மொழித்தரவுக் களஞ்சியத்தில் தமிழுக்கு அப்படித் தனி விதித்தொகுதி இருக்கிறது. ஐ.சி.யூ. என்ற நிரல் நூலகம் அந்தக் களஞ்சியத்தை எடுத்து ஆள்கிறது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி வேறு. அதற்குத் தனி அட்டவணை. ஆகவே ஒரே கணினியில் ஒரு மென்பொருள் ஒரு வரிசையும், இன்னொரு மென்பொருள் வேறு வரிசையும் தரலாம். ‘சக்தி - சகுந்தலா’ என்ற இணையைத் தட்டிப் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

வரிசை மாறினால் என்ன நஷ்டம்

“நாலு பெயர் முன்னே பின்னே வந்தா என்னங்க, குடியா முழுகிப் போகும்?” என்று ஒரு நண்பர் கேட்டார். பார்வைக்கு மட்டும் என்றால் முழுகாது. கணக்கு ஒப்பிடும்போதுதான் முழுகும்.

இரண்டு குமாஸ்தாக்கள் சிட்டையையும் பேரேட்டையும் வைத்துக்கொண்டு ஒப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் மேலிருந்து கீழே விரல் வைத்து வருவார்கள். சிட்டைக்காரர் விரல் ‘ப’வில் இருக்கும்போது பேரேட்டுக்காரர் விரல் ‘ம’வுக்குப் போய்விட்டால், ‘ப’ அங்கே இல்லை என்று முடிவுகட்டி மேலே போய்விடுவார்கள். இரண்டு புத்தகமும் ஒரே வரிசையில் இருந்தால்தான் இந்த முறை செல்லும். ‘காம்’, ‘ஜாயின்’ என்னும் யூனிக்ஸ் கட்டளைகள் இரண்டு பட்டியலை ஒப்பிடுவது அச்சாக இப்படித்தான்.

அடியேன் உறுப்பினராக இருந்த ஓர் அமைப்பில் (பெயர் வேண்டாம்) உறுப்பினர் பட்டியல் ஒரு கணினியிலும், சந்தா செலுத்தியோர் பட்டியல் வேறொரு கணினியிலும் இருந்தன. ஒன்று ‘சி’ லொகேலில் அடுக்கியது, மற்றொன்று இந்திய ஆங்கில லொகேலில் அடுக்கியது. பெயர்களோ சிலது பெரிய எழுத்தில், சிலது சின்ன எழுத்தில். ஒப்பிட்டபோது பணம் கட்டியவர் பலர் கட்டாதவர் பட்டியலில் வந்துவிட்டார்கள், நான் உட்பட. கோப்பு வரிசையில் இல்லை என்று கணினி எச்சரிக்கை தந்ததாம். யாரும் அதைப் படிக்கவில்லை. மருத்துவ உதவி அட்டை புதுப்பிக்கும் நாளில், எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டே “பெயர் இல்லை” என்ற பதிலைக் கேட்டு நின்றார். அட்டை பிறகு கிடைத்தது. ஆனால் அந்த அம்மாள் பட்ட அவமானத்துக்கு யார் பொறுப்பு? லொகேல் என்ற ஒரு சொல்லை யாரும் கவனிக்காததுதான் காரணம்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28-ஆம் பதிப்பு, அடுக்கு அட்டவணையை ஐ.எஸ்.ஓ. 14651-இன் புதிய வடிவத்துக்கு மாற்றியது. செய்தது நல்ல காரியந்தான். ஆனால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் ஏற்கெனவே பழைய வரிசையில் சுட்டிகள் கட்டி வைத்திருந்தன. லினக்ஸைப் புதுப்பித்த பிறகு தேடல் புதிய வரிசைப்படி நடந்தது. சுட்டி பழைய வரிசையில் கிடந்தது. இருக்கும் பெயரை ‘இல்லை’ என்றது. ஒருவருக்கு ஒரே கணக்கு என்று விதி இருந்த இடத்தில் இரண்டாம் கணக்கையும் திறக்க விட்டது. பேரேட்டின் பெயர்ச்சுட்டியைப் பழைய கணக்குப்பிள்ளை ஒரு முறையில் எழுதி வைத்துப் போக, புதியவர் வேறு முறையில் தேடி, “இந்தப் பேர்ல கணக்கே இல்லையே” என்று புதுப் பக்கம் திறந்தால் எப்படியிருக்கும்? அதேதான். சுட்டியைப் புதிதாகக் கட்டுவது ஒன்றே பரிகாரம்.

ஒரே தோற்றம், வேறு குறி

வரிசைக்கு முன்னால் எழுத்தே ஒழுங்காக இருக்க வேண்டும். எங்கள் சமூகத்தில் ஸ்ரீபாலன் போன்ற பெயர்கள் நிறைய. இந்த ‘ஸ்ரீ’யைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம்: ஸகரத்தை வைத்து ஒன்று, 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ‘ஶ’ என்ற எழுத்தை வைத்து மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. ஆகவே ஒரே பெயருள்ள அண்ணனும் மருமகனும் பட்டியலில் இரண்டு இடத்தில் இருப்பார்கள்.

‘கொ’ என்பதையும் ஒரே குறியாகவும், கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்க முடியும். இவை சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. எண்ணை மட்டும் பார்க்கும் ‘சி’ லொகேல் அதை அறியாது. இன்னும் மோசம் ‘ஔ’. பலர் ‘ஒ’ தட்டிப் பக்கத்தில் ‘ள’ தட்டிவிடுகிறார்கள். அது ஔவையார் அல்ல, ‘ஒ-ள-வையார்’. எந்த லொகேலும் அதைத் திருத்தாது.

முதலெழுத்துச் சிக்கலும் உண்டு. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவது நம் வழக்கம். குடும்பப் பெயரை முதலில் எழுதும் படிவங்கள் இங்கே மிகுதி. ‘ப. சாந்தி’ என்பவரைச் சகரத்தில் தேடுவதா, பகரத்தில் தேடுவதா? இதைக் கணினி தீர்மானிக்காது. பட்டியல் போடுகிறவர்தான், அடுக்குவதற்கென்று தனிப் பத்தி வைத்து, அதில் முதலெழுத்தை விட்டுப் பெயரை மட்டும் எழுத வேண்டும்.

செய்ய வேண்டியவை

சங்க வேலை, கோயில் வேலை, கடைக் கணக்கு எதுவாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு இந்த நாலு விஷயத்தைச் சொல்லிவையுங்கள்.

1. இரண்டு பட்டியலை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே கணினியில், ஒரே லொகேலில் மறுபடி அடுக்குங்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் பேசும் வேலைக்கு ‘எல்சி ஆல்’ மாறியில் ‘சி’ என்று வைப்பது உத்தமம். அழகு இராது, ஆனால் எந்த ஊர்க் கணினியிலும் மாறாது.

2. மனிதர் படிக்கும் பட்டியலுக்குத் தமிழ் லொகேலை வைத்து, பத்துப் பெயர்ச் சோதனை செய்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள். லிப்ரே ஆபீஸ் விரிதாளில் அடுக்கும்போது விருப்பங்கள் பகுதியில் மொழியைத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. அங்கே தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

3. ‘ஸ்ரீ’, ‘ஔ’ போன்றவற்றை எப்படித் தட்டுவது என்று தொடக்கத்திலேயே ஒரு முடிவு செய்து எல்லோரும் அதையே கடைப்பிடியுங்கள்.

4. கணினியின் இயங்குதளத்தைப் பெரிய பதிப்புக்கு மாற்றினால் தரவுத்தளச் சுட்டிகளைப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள்.

இவற்றோடு இன்னொன்று. வரிசை தப்பாக வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே சரியான வரிசை தெரிந்திருக்க வேண்டும். புனேயில் பிறந்து மராட்டியும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கும் நம் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் பதினெட்டு மெய்யையும் முறையாகச் சொல்வார்கள்? ‘ய், ர், ல், வ், ழ், ள், ற், ன்’ என்ற எட்டெழுத்தைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, மேலே சொன்ன இரண்டு பட்டியலில் எது சரி என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். தெரியாத பிள்ளை கணினி கொடுத்ததையே தமிழ் வரிசை என்று நம்பும். விதியை எழுதிக் கொடுத்தால் இயந்திரம் ஒழுங்காகக் கேட்கும். அந்த விதி என்ன என்று சொல்லிக் கொடுக்க வீட்டில் ஒரு பெரியவர் வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மட்டும் விட்டுவிடாமல், வீட்டில் ஓர் அகராதி வாங்கி வைத்து, வாரம் ஒரு சொல்லையாவது பிள்ளையையே தேடச் சொல்லுங்கள்.